செலக்‌ஷன் கேம்ப்புக்குப் போகும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு (ஹோஸ்ட் வீடு என்பார்கள்) தங்கி ஒரு வருஷம் பள்ளியில் படிக்க அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் திட்டங்களுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் கேம்ப்பைத்தான் சொல்கிறேன். முதல் தடவை நான் போனபோது நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே பல் விளக்கிவிட்டு நேராக கேம்ப்புக்குப் போய் நின்றேன். பக்கத்து பெர்த்காரர் விடிய விடிய போனில் பேசியதில் பொட்டுத் தூக்கம் இல்லை. முதல் குரூப் டாஸ்க் முழுக்கக் கொட்டாவிதான். அந்த வருஷம் பட்டியலில் என் பெயர் இல்லை, அடுத்த வருஷம்தான் கிடைத்தது. இப்போது அந்த மாதிரி கேம்ப்களில் வாலண்டியராக உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெழுதுகிறேன். அதனால் முதல் விஷயம், ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். வந்தே பாரத்தில் காலையில் ஏறினால் மதியம் சென்னை, சித்தப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ படுத்துத் தூங்கி எழுந்து போகலாம்.

எந்தத் திட்டத்துக்குப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஸ்காலர்ஷிப் என்றதும் எல்லாமே இலவசம் என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள், அப்படி இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை 2002இல் தொடங்கிய 'யெஸ்' திட்டத்தில் செலவை அந்த அரசு ஏற்கும், 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கானது. ரோட்டரி கிளப் நடத்தும் எக்ஸ்சேஞ்சில் 15 முதல் 19 வயது வரை போகலாம், ஆனால் விமான டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான், ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று வீடுகள் மாற வேண்டியும் வரும். ஏ.எஃப்.எஸ். அமைப்பு முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிப்போன ஆம்புலன்ஸ்காரர்களிடமிருந்து பிறந்தது, பள்ளி மாணவர்களை அனுப்ப ஆரம்பித்தது 1947இல். 'எங்களைப் பற்றி என்ன தெரியும்?' என்று கேம்ப் நடத்துபவர்கள் கேட்டால் இந்த அளவு சொன்னாலே போதும், வெப்சைட்டை ஒப்பிக்க வேண்டாம். அரசாங்கப் பணத்தில் நடக்கும் திட்டம் எல்லா வருஷமும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது, அறிவிப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு மதுரைக்கு ஓட வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரா இருக்கிறது.

சரி, அங்கே என்னதான் பார்க்கிறார்கள்? முன்பின் தெரியாத ஒரு வீட்டில், அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர்கள் வீட்டு ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, பத்து மாதம் இந்தப் பிள்ளை இருக்குமா என்பதைத்தான். அது இன்டர்வியூ அறையில் தெரிவதைவிட சாப்பாட்டு நேரத்தில்தான் நன்றாகத் தெரியும், எங்கள் குறிப்பில் பாதி அங்கேதான் எழுதப்படும். கேள்விக்கெல்லாம் அருமையாகப் பதில் சொன்ன ஒரு பையன் பந்தியில் சாம்பார் ஊற்றியவரிடம் முகத்தைச் சுளித்து எரிந்து விழுந்தான். இன்னொரு பிள்ளைக்கு இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது, ஆனால் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் தன் தட்டோடு போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரில் யாரைப் பற்றி ராத்திரி அதிக நேரம் பேசினோம் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், சைவம் என்றால் சைவம் என்று சொல்லுங்கள். 'எல்லாம் சாப்பிடுவேன்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டால் அங்கே போய் கஷ்டப்படப்போவது நீங்கள்தான்.

குரூப் டாஸ்க்கில் பேப்பரையும் டேப்பையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் ஒரு விவாதம் வைப்பார்கள். கோபுரம் விழுந்தால் விழட்டும், யாரும் அதை அளக்கப்போவதில்லை. சென்னைப் பிள்ளைகள் மளமளவென்று பேசுவதைப் பார்த்து நம் ஊர்ப் பிள்ளைகள் ஒடுங்கிப் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், எனக்கு எரிச்சலாக வரும். வாயே திறக்காத ஒருவரைப் பார்த்து 'நீ என்ன நினைக்கிறே?' என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கு நிறைய மதிப்பு உண்டு.

இன்டர்வியூவில் 'ஹோஸ்ட் வீட்டு அம்மா இரண்டு நாளாக உன்னிடம் சரியாகப் பேசவில்லை, என்ன செய்வாய்?' என்கிற மாதிரிக் கேள்விகள் வரும். எங்கள் அம்மாவுக்கு போன் போடுவேன் என்பது உண்மையான பதில்தான், ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது, அந்த வீட்டம்மாவிடமே எப்படிப் போய்க் கேட்பீர்கள் என்று சொல்லுங்கள். 'நாட்டுக்குப் பெருமை சேர்ப்பேன்' என்று ஆரம்பித்தால் எங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஊரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொல்வார்கள். காரணம் உண்டு: 'யெஸ்' பிள்ளைகள் அங்கே நவம்பரில் சர்வதேசக் கல்வி வாரத்தில் வகுப்பு வகுப்பாகப் போய் நம் நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டாயிரம் வருஷப் பண்பாடு என்று பொதுவாக அடித்துவிடாதீர்கள். கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, அந்தப் பாலை எப்படி அல்வாவாகக் கிண்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். பத்தமடைப் பாய் ஒன்றைக் கொண்டுபோய் விரித்து, கோரையைத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். ஜெர்மனிக்குப் போகக் கேட்டிருந்தால் ஆதிச்சநல்லூரை எடுங்கள், 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தாமிரபரணிக் கரையில் தோண்டி எடுத்த பழம்பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அல்வா கொண்டுபோவதென்றால் போங்கள், ஆனால் வாலண்டியர்களுக்கு இல்லை, ரூமில் கூட இருக்கும் பிள்ளைகளுக்கு.

பல கேம்ப்களில் அப்பா அம்மாவையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், இதற்குத்தான் யாரும் தயாராக வருவதில்லை. பிளஸ் ஒன் ஒரு வருஷம் போனால் பரவாயில்லையா, வீட்டில் ஆச்சிக்கு உடம்பு முடியாமல் போனாலும் பிள்ளை உடனே வர முடியாதே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். இதையெல்லாம் கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள், பள்ளியில் ஹெட்மாஸ்டரிடமும் கேட்டுவிடுங்கள். அங்கே போய் அப்பா ஒன்று, அம்மா ஒன்று சொன்னால் நன்றாக இருக்காது. தமிழில் பேசலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அம்மாவுக்குப் பாடம் நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். என் அம்மாவிடம் முதல் வருஷம், 'மகள் வீட்டு வேலை செய்வாளா?' என்று கேட்டதற்கு, 'ஒரு காப்பி தம்ளர் கூடக் கழுவ மாட்டா சார்' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். என்னைப் பார்த்து உண்மையா என்றார்கள், ஆமாம் என்றேன். அடுத்த வருஷமும் அதே கேள்வி வந்தது. அம்மா கொஞ்சம் யோசித்து, 'இப்பம் கழுவுதா, ஆனா தம்ளர் அடியில காப்பிக் கறை அப்படியே இருக்கு' என்றாள்.