டீசலைக் கூட்டுவது எளிது, சூட்டைச் சமாளிப்பதுதான் வேலை: பழைய பிக்கப்பில் செய்யக் கூடாத தவறுகள்

லோடு ஏற்றிய பழைய டீசல் பிக்கப் ஏற்றத்தில் திணறினால், "பம்பில் அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிடு, பறக்கும்" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. மெக்கானிக்கல் பம்ப் (கம்ப்யூட்டர் இல்லாமல் டீசலை அளந்து அனுப்பும் பம்ப்) உள்ள டீசல் இன்ஜினில் கூடுதலாக டீசல் போனால் கூடுதல் சக்தி வரும். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் நல்ல இன்ஜின்கள் பாழாகின்றன.

முதல் தவறு, இழந்த சக்தியை மீட்காமல் புதுச் சக்தியைத் தேடுவது. வண்டி இழுக்கவில்லை என்று வருகிற பலருக்கு டியூனிங்கே தேவைப்படாது. ஒருவரை உட்காரவைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். பானட்டுக்குள் பம்பின் லீவர் போய் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் தொடாது. அத்தனை நாளும் முழு த்ராட்டில் கிடைக்காமலேயே வண்டி ஓடியிருக்கும். பிறகு ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டர்போவிலிருந்து (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் விசிறி) வரும் ஹோஸில் காற்றுக் கசிவு, வால்வு கிளியரன்ஸ், நாசில் டீசலைத் தெளிக்கும் விதம் ஆகியவற்றைப் பாருங்கள். சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து பார்த்துவிடுங்கள். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இன்ஜினின் சக்தியைக் கூட்டாதீர்கள். முதலில் வேலை பாருங்கள்.

இரண்டாவது, கரும்புகையைச் சக்தி என்று நம்புவது. பெட்ரோல் இன்ஜினில் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கே எரிபொருளைக் கொஞ்சம் அதிகமாக விட்டால் சூடு தணியும். டீசலில் நேர்மாறு: கூட்டக் கூட்டச் சூடு ஏறும். டீசல் முழுதாக எரிய அதைப் போல ஏறத்தாழ 14.5 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆனால் நடைமுறையில் அதைவிடத் தாராளமாகக் காற்று இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். தொடர்ந்து கரும்புகை வருகிறதென்றால் காற்று போதவில்லை, உள்ளே வெப்பம் ஏறுகிறது என்றுதான் பொருள். ஆகவே முதலில் காற்றுக்கு வழி செய்யுங்கள்: தடையில்லாத இன்டேக், அடைப்பில்லாத சைலன்சர், டர்போ வண்டியானால், அது தள்ளும் காற்றைக் குளிரவைக்க நல்ல இன்டர்கூலர். டீசல் அதற்குப் பிறகு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் இல்லாமல் பம்பில் கை வைப்பது. டேஷ்போர்டில் இருக்கும் தண்ணீர் மீட்டர் இதற்கு உதவாது. அது அசைவதற்குள் பிஸ்டனின் தலை உருகத் தொடங்கியிருக்கலாம். பிஸ்டனுக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் 600 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருக ஆரம்பித்துவிடும். எரியும் வாயு அதைவிடப் பல மடங்கு சூடு. கீழிருந்து அடிக்கும் ஆயிலும், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக் காற்றும், சூட்டை வாங்கிக் கடத்தும் ரிங்குகளும்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகின்றன. லோடோடு நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு முன்னால் சுமார் 700 டிகிரியைத் தாண்டவிடாமல் ஓட்டுவது அனுபவஸ்தர்கள் வைத்திருக்கும் எல்லை. சென்சாரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் குழாய்), டர்போவுக்கு முன்பாகவே வையுங்கள். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் லோடில் 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும், அதை நம்பி மிதித்துவிடுவீர்கள். துளை போடும்போது மேனிஃபோல்டைக் கழற்றிவிடுவது நல்லது. ஒரு இரும்புத் துகள் போதும், டர்போவின் பிளேடைக் கடித்துவிடும். ஏற்றத்தில் முள் ஏறினால் மிதியைத் தளர்த்தி ஒரு கியர் இறங்குங்கள். சுற்று கூடினால் காற்றும் கூடும், முள் இறங்கும்.

மீட்டரே ஏமாற்றும் இடமும் உண்டு. பம்ப் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தை, முன்தள்ளினால் புகை குறையும், எக்ஸாஸ்ட் வெப்பமும் குறையும். பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறியிருக்கும். அதை முதலில் தாங்க வேண்டியது ஹெட் கேஸ்கெட். டர்போவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டை அடைத்து பூஸ்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை) ஏற்றுவதும் இதே வகை. சின்ன டர்போவை அளவுக்கு மீறிச் சுழலவிட்டால், அது தள்ளுவதில் காற்றைவிடச் சூடுதான் அதிகம்.

டர்போ இல்லாத பழைய இன்ஜினில் டர்போ பொருத்துபவர்கள் இன்னும் நிதானிக்க வேண்டும். அவற்றின் கம்ப்ரெஷன் விகிதம் (சிலிண்டர் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) பெரும்பாலும் 20:1-க்கு மேல்; டர்போ அதற்கு மேலும் அழுத்தத்தை ஏற்றும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் ஜெட் இல்லாதவை பல. காமன் ரெயில் வண்டியில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய டீசல் அமைப்பு) பிரஷர் சென்சாரை ஏமாற்றும் மலிவான பாக்ஸையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பம்பும் இன்ஜெக்டரும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

உங்கள் மாடலின் பலவீனத்தை முன்பே விசாரியுங்கள். 1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் 12 வால்வு கம்மின்ஸ், சக்தி கூட்டுபவர்களுக்கு மிகவும் பிடித்த இன்ஜின். அதன் பாஷ் பி7100 பம்ப் கேட்ட அளவு டீசல் தரும். ஆனால் டைமிங் கியர் கேஸில் இருக்கும் ஒரு சிறு டவல் பின் (பாகங்களை நேராகப் பொருத்த உதவும் இரும்பு ஊசி) தளர்ந்து கியருக்குள் விழுந்தால் இன்ஜினே போய்விடும். அதைத் தகடு வைத்து அடைப்பதுதான் முதல் வேலை. பின்னாலிருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் இன்ஜின் அளவுக்குத் தாங்காது.

மேனுவல் வண்டியில் முதலில் கைவிடுவது கிளட்ச். டாப் கியரில் மிதிக்கும்போது சுற்று ஏறி வேகம் ஏறவில்லையென்றால் நழுவுகிறது. பிரேக், ரேடியேட்டர் இரண்டும் பழைய சக்திக்கு அமைந்தவை என்பதையும் மறக்காதீர்கள். சக்தி கூடியதால் வண்டி சட்டப்படி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது.

பம்பைத் திருப்பும் நாளில், டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவின் பழைய நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். விஇ வகை பம்பில் (பாஷின் ரோட்டரி பம்ப்) இந்த ஸ்க்ரூ ஐட்லிங்கையும் சேர்த்து ஏற்றும். எல்லை மீறினால் காலை எடுத்தாலும் இன்ஜின் சுற்று இறங்காது. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு அதே லோடு, அதே ஏற்றம், அதே கியரில் ஓட்டிப் பாருங்கள். முள் எல்லையைத் தொட்டால், அடுத்த திருப்பலுக்கு முன் காற்றுக்கு வழி தேடுங்கள். வழியில்லையென்றால் கால் சுற்று பின்னால் வந்து ஸ்க்ரூவைப் பூட்டிவிடுங்கள்.