இந்த நூற்றாண்டின் சிறந்த பிரித்தானிய ஆல்பம் எது? பட்டிமன்ற முறையில் ஒரு விவாதத்தை நடத்தும் வழி

இந்த நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து வந்த ஆல்பங்களில் எது தலைசிறந்தது என்ற கேள்வியை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழ்க் குடும்பக் கூடுகையில் எழுப்பினால், பெரியவர்கள் அறுபதுகளின் இசைக்குழுக்களை நோக்கித் திரும்பிவிடுகிறார்கள். இளையவர்கள் கைப்பேசியில் ஒரு பாடலைப் போட்டுக்காட்டி, இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆல்பம் என்ற முழுமையான படைப்பைப் பற்றி எவரும் பேசாமலேயே பேச்சு ஓய்ந்துவிடுகிறது. பட்டிமன்றத்தின் ஒழுங்கு நம் கையில் இருக்கும்போது இந்த நிலை வேண்டியதில்லை. ஒரு நடுவர், இரண்டு அணிகள், முன்கூட்டியே வகுத்த எல்லைகள் ஆகியவற்றைக் கொண்டு டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டு முன்னறையிலேயே இதைச் செம்மையாக நடத்தலாம். அதற்கு அடிப்படை விதியாக நான் ஒன்றைத்தான் வலியுறுத்துவேன்: ஆல்பத்தை முதலிலிருந்து இறுதிவரை கேட்டவருக்கே அதைப் பற்றிப் பேச உரிமை உண்டு, அவரும் செவியில் விழுந்ததை முன்வைத்தே பேச வேண்டும்.

எல்லைகளை வகுக்கும் வேலையை, எந்த ஆல்பத்தின் பெயரும் சொல்லப்படுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பெயர்கள் வந்த பிறகு விதி வகுத்தால், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஆல்பத்துக்கு இடம் கிடைக்கும்படி விதியை வளைப்பார்கள். முதல் எல்லை ஆண்டு. ரேடியோஹெட் இசைக்குழுவின் 'கிட் ஏ' 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. 21ஆம் நூற்றாண்டு கணக்குப்படி 2001 ஜனவரி 1ஆம் தேதியன்றுதான் தொடங்குகிறது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கென வழங்கப்படும் மெர்க்குரி பரிசை 2001இல் பெற்ற பி.ஜே. ஹார்வியின் ஆல்பமும் வெளிவந்தது 2000இல்தான். 2000ஐச் சேர்த்துக்கொண்டால் 'கிட் ஏ' ஒன்றே விவாதத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே, கணக்கைக் கறாராகப் பின்பற்றி 2001இலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். ரேடியோஹெட்டை விரும்புவோர், அக்குழுவின் 2007ஆம் ஆண்டு ஆல்பமான 'இன் ரெயின்போஸ்' சார்பாக வாதிடலாம். அது எவ்வகையிலும் குறைந்த படைப்பு அன்று.

இரண்டாவது எல்லை, எது 'பிரித்தானிய' ஆல்பம் என்பது. இதற்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் விவாதத்தின் வளமான பகுதி இங்கேதான் இருக்கிறது. 2005இல் மெர்க்குரி பரிசு ஆன்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழுவுக்குக் கிடைத்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அக்குழுவின் பாடகரான அனோனி இங்கிலாந்தின் சிச்செஸ்டர் நகரில் பிறந்தவர் என்றாலும், சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயார்க்கில் இசை வாழ்வை அமைத்துக்கொண்டவர். இதற்கு நேர் எதிரான வழக்கு ரினா சவயாமாவுடையது: ஜப்பானில் பிறந்து, குழந்தைப் பருவத்திலிருந்து லண்டனில் வளர்ந்தும், பிரித்தானியக் குடியுரிமை இல்லை என்ற காரணத்தால் 2020இல் அவருடைய ஆல்பம் போட்டிக்கே தகுதி பெறவில்லை. அவர் குரல் எழுப்பிய பின்னர், 2021இல் விதி திருத்தப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் வசிப்பவர்களும் தகுதி பெற்றனர். பிறந்த இடமா, வளர்ந்த இடமா, கடவுச்சீட்டா என்ற கேள்வியை நாம் மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களை இந்த நாட்டின் நிரந்தர மக்களாக அரசு ஏற்றுக்கொண்டது 1961இல்தான். ஒருவர் எந்த மண்ணுக்கு உரியவர் என்பதைத் தாள்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை நம் குடும்பங்கள் நன்கு அறியும்.

எனவே, பிரிட்டனில் பிறந்தவர், வளர்ந்தவர், அல்லது அங்கே தம் இசையை உருவாக்கிக்கொண்டவர் எவராயினும் ஏற்றுக்கொள்ளும் விரிந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள். அயர்லாந்துக் குடியரசின் கலைஞர்களை மெர்க்குரி பரிசு சேர்த்துக்கொள்கிறது. நம் தலைப்பு பிரித்தானிய ஆல்பம் என்பதால் நாம் விட்டுவிடலாம். ஆல்பம் எங்கே பதிவானது என்பதைத் தடையாக்கக் கூடாது. ஆக்கினால் ஏமி வைன்ஹவுஸின் 'பேக் டு பிளாக்' ஆல்பத்தையே இழக்க நேரிடும், ஏனெனில் அதன் கணிசமான பகுதியை மார்க் ரான்சன் நியூயார்க்கில், டாப்-கிங்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழுவின் வாசிப்போடு உருவாக்கினார். தென்னாப்பிரிக்காவில் கூடும் எந்தக் குழுவும் எடுத்துப் பேச வேண்டிய எல்லை வழக்கு இன்னொன்றும் உண்டு. லண்டனில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸ், தென்னாப்பிரிக்க ஜாஸ் கலைஞர்களுடன் சேர்ந்து 'ஷபாகா அண்ட் தி ஆன்செஸ்டர்ஸ்' என்ற பெயரில் 2016இல் வெளியிட்ட ஆல்பம் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவானது. அது பிரிட்டனுடையதா, நம்முடையதா? உடன் வாசித்தோர் தென்னாப்பிரிக்கர் என்பதால், என் கணிப்பில் அது நம்முடையது, ஆகவே பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. உங்கள் நடுவர் வேறு விதமாகத் தீர்ப்பளித்தாலும், காரணத்தோடு அளித்தால் போதும்.

அடுத்து, தலைப்பை அமைப்பது. 'எது சிறந்தது?' என்று திறந்தவெளியாகக் கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர்களைச் சொல்வார்கள். ஒருவர் வாதத்துக்கு இன்னொருவர் பதில் சொல்ல வேண்டிய தேவையே எழாது. பட்டிமன்றத்தின் வலிமை, இரண்டு பக்கங்களை நேருக்கு நேர் நிறுத்துவதில் இருக்கிறது. 'தன் தெருவைப் பாடும் ஆல்பமா, உலகைச் சுற்றிவந்த ஆல்பமா?' என்று தலைப்பிட்டு, ஒருபுறம் டிஸ்ஸி ராஸ்கலின் 'பாய் இன் டா கார்னர்', மறுபுறம் எம்.ஐ.ஏ.வின் 'கலா' என்று வையுங்கள். முன்னது 2003இல் வெளிவந்தது. கிழக்கு லண்டனின் போ பகுதியைச் சேர்ந்த 18 வயது இளைஞன், தான் அமர்ந்த இடத்திலிருந்து சுற்றிலும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாடலோடு அது தொடங்குகிறது. கணினி விளையாட்டுகளின் ஓசையை ஒத்த குளிர்ந்த, மெலிந்த தாளங்கள் மீது அந்த ராப் ஓடுகிறது. பின்னது 2007ஆம் ஆண்டுப் படைப்பு. அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டதால், எம்.ஐ.ஏ. பல நாடுகளில் பயணம் செய்தே அதைப் பதிவுசெய்தார். சென்னையில் பதிவான உறுமி மேளம் 'பேர்ட் ஃப்ளூ' பாடலை உலுக்குகிறது. 1982இன் இந்திப் படமான 'டிஸ்கோ டான்ஸர்' பாடலொன்று 'ஜிம்மி'யாக மறுபிறவி எடுக்கிறது. 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்கு த கிளாஷ் என்ற பழைய லண்டன் இசைக்குழுவின் இசைத்துண்டு அடித்தளமாகிறது.

எம்.ஐ.ஏ.வைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, அகதியாக மீண்டும் லண்டன் திரும்பிய தமிழ்ப்பெண் அவர். முதல் ஆல்பமான 'அருளர்' தந்தையின் இயக்கப் பெயரையும், இரண்டாவது ஆல்பமான 'கலா' தாயின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. தமிழர் கூடிய அவையில் இந்தப் பெருமையே வாக்குகளை அள்ளிவிடக்கூடும். அது அவருடைய கலைக்கு நியாயம் செய்வதாகாது. 'கலா'வுக்காக வாதிடுபவர், எம்.ஐ.ஏ. தமிழர் என்பதை ஒரு வாதமாகப் பயன்படுத்தக் கூடாது என்று நடுவர் முன்பே அறிவிக்கட்டும். காவடி ஊர்வலங்களின் மேளத்தைக் கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, அந்த உறுமியின் இழுவை மின்னணுத் தாளத்தோடு எந்த இடத்தில் உரசுகிறது, எந்த இடத்தில் இணைகிறது என்பது மற்றவர்களைவிட நன்றாகக் கேட்கும். அதை விளக்கிச் சொல்வதே வலுவான வாதம்.

கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் அனைவரும் இரு ஆல்பங்களையும் தனித்தனியே கேட்டிருக்க வேண்டும். கூட்டத்தன்று இன்னொரு முறை சேர்ந்து கேட்க வேண்டும். 'பேக் டு பிளாக்' சுமார் 35 நிமிடங்களும் பி.ஜே. ஹார்வியின் 'லெட் இங்கிலாண்ட் ஷேக்' சுமார் 40 நிமிடங்களுமே ஓடுகின்றன. அத்தகைய இரண்டு ஆல்பங்களும் விவாதமும் ஒரு மாலையில் அடங்கிவிடும். பாடல்களைக் கலைத்துப்போடும் வசதியை அணைத்துவிடுங்கள். 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன் பேரில், ஸ்பாட்டிஃபை நிறுவனம் ஆல்பப் பக்கங்களில் அந்த வசதியை இயல்பான தேர்வாக வைத்திருந்ததை மாற்றியது. பாடல்களின் வரிசை கலைஞர் எண்ணி அமைத்தது என்பதே அவர் சொன்ன காரணம். த ஸ்ட்ரீட்ஸின் 2004ஆம் ஆண்டு ஆல்பம், காணாமற்போன ஆயிரம் பவுண்டைச் சுற்றிய ஒரே கதையாக நடந்து, இறுதிப் பாடலில்தான் முடிச்சவிழ்கிறது. அதை நடுவில் தொடங்கிக் கேட்டவரால் அதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. பாடல் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள், ஏனெனில் கிழக்கு லண்டன் கொச்சை நம் பெரியவர்களுக்கு மட்டுமன்றி இளையவர்களுக்கும் எளிதில் பிடிபடுவதில்லை. இசையை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டு, மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்றையும் தயாராக வைத்திருங்கள். லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டுக் காலத்தில் நாம் கற்ற அந்தப் பழக்கம் இங்கும் உதவும், டேட்டா செலவும் மிஞ்சும்.

வாதிடும்போது மூன்று வகைச் சான்றுகளைத் தீர்ப்புக்கு உரியவையாக நடுவர் ஏற்கக் கூடாது. முதலாவது, விற்பனை. அடெலின் '21' உலகெங்கும் மூன்று கோடிக்கு மேல் விற்றது என்பது அதன் வீச்சைக் காட்டுகிறது. அதன் தரத்தைக் காட்ட வேண்டுமானால், அந்தக் குரல் ஒரு வரியின் இறுதியில் எப்படி உடைகிறது என்பதைப் பேச வேண்டும். இரண்டாவது, பரிசு. 2007இல் 'பேக் டு பிளாக்' மெர்க்குரியின் குறும்பட்டியலில் இருந்தும், பரிசு கிளாக்ஸன்ஸ் குழுவுக்குச் சென்றது. இன்று அவ்விரண்டில் எதைப் பெரும்பாலோர் கேட்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, மரணம். இதைத்தான் விலக்குவது மிகக் கடினம். டேவிட் போவி, தம் 'பிளாக்ஸ்டார்' ஆல்பம் வெளியாகி இரண்டு நாள்களில், 2016 ஜனவரி 10 அன்று, காலமானார். ஏமி வைன்ஹவுஸ் 2011இல் 27 வயதில் மறைந்தார். அந்தத் துயரம் உண்மையானது, அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் 'பேக் டு பிளாக்' 2006இல் வந்தபோது அது துயரச் செய்தியாக வரவில்லை: அறுபதுகளின் அமெரிக்கப் பெண் குழுக்களின் இசை வடிவத்துக்குள், வடக்கு லண்டனின் கூர்மையான பேச்சுமொழியை ஒளிவுமறைவின்றி வைத்த துணிச்சலாக வந்தது. அந்த 2006ஆம் ஆண்டுச் செவியோடு வாதிடுபவரே அவருக்கு உரிய மரியாதையைச் செய்கிறார்.

ஒவ்வொரு பேச்சாளரும் தம் வாதத்துக்கு ஆதாரமாகப் பாடலின் ஒரு குறிப்பிட்ட இடத்தையாவது ஒலிக்கச் செய்ய வேண்டும் என்ற விதியை நான் எப்போதும் வைக்கிறேன். எடுத்துக்காட்டாக, 2011இல் வந்த 'லெட் இங்கிலாண்ட் ஷேக்' ஆல்பத்தில் 'த குளோரியஸ் லேண்ட்' என்ற பாடலைக் கேளுங்கள். படைமுகாமின் எக்காளம் ஒன்று, பாடலின் சுருதியோடும் தாளத்தோடும் ஒட்டாமல் குறுக்கே வந்து விழுகிறது. டார்செட் பகுதியில் கடலோரத் தேவாலயம் ஒன்றில் பதிவான அந்த ஆல்பம், முதல் உலகப் போரின் கலிப்பொலிக் களத்தைப் பாடுகிறது. ஆனால் போரைப் பற்றி அது சொல்லும் மிக வலிய கூற்று, சொற்களில் அல்லாமல் அந்த ஒட்டாத எக்காளத்தில் இருக்கிறது. சொற்களே அரிதான ஆல்பங்களுக்கும் இம்முறை பொருந்தும். பரியல் என்ற இசைக்கலைஞரின் 2007ஆம் ஆண்டு ஆல்பமான 'அன்ட்ரூ', சுருதி ஏற்றியும் இறக்கியும் உருமாற்றப்பட்ட குரல் துணுக்குகளையும் இசைத்தட்டின் கரகரப்பையும் கொண்டு நள்ளிரவு லண்டனை எழுப்புகிறது. சன்ஸ் ஆஃப் கெமெட் குழு தன் 2018ஆம் ஆண்டு ஆல்பத்தில், அரச பரம்பரைக்கு மாற்றாக ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரைச் சூட்டியது. அவர்களுள் ஒருவர் நம் நிறவெறி எதிர்ப்புப் போராளி ஆல்பர்ட்டினா சிசுலு. அந்தப் பெயர் அறையில் நிச்சயம் நெகிழ்ச்சியை உண்டாக்கும். அதற்குப் பின்னும் பேச்சாளர் டூபா என்னும் ஊதுகருவிக்கும் இரட்டை டிரம்ஸுக்கும் இடையே நடக்கும் உரையாடலை விளக்கியே ஆக வேண்டும்.

வயதில் மூத்தவர் எதிரணியில் இருந்தால், 'ஐயா சொன்னதை மறுக்கிறேன்' என்று மரியாதையோடு தொடங்கி, தயங்காமல் மறுக்கலாம். மூத்தவர்களும் 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் ஒப்பீடுகளை அன்றைய மாலைக்கு மட்டும் தள்ளிவைக்க வேண்டும். ஒருவருக்கு ஏழு நிமிடம் போதும். மறுப்புக்கு மூன்று நிமிடம். அவையோரின் வாக்கைத் தாளில் எழுதி வாங்குங்கள், கை தூக்கச் சொன்னால் குடும்பத் தலைவரின் கையைப் பார்த்தே மற்றக் கைகள் உயரும். வாக்கோடு ஒரு வரிக் காரணமும் எழுதப்பட வேண்டும். காரணமில்லாத வாக்கை எண்ணக் கூடாது.

நடுவர் தீர்ப்புச் சொல்லும்போது வாக்கு எண்ணிக்கையைத் தனியாகவும் தம் முடிவைத் தனியாகவும் அறிவிக்க வேண்டும்; இரண்டும் மாறுபட்டால், எந்தப் பாடலின் எந்த இடம் தம்மை வேறு பக்கம் இழுத்தது என்று அதை மீண்டும் ஒலிக்கவிட்டுக் காட்ட வேண்டும். என்னை நடுவராக அமர்த்தினால் 'லெட் இங்கிலாண்ட் ஷேக்' ஆல்பத்தை முதலிடத்திலும் 'கலா'வை மிக நெருக்கமான இரண்டாம் இடத்திலும் வைப்பேன். முன்னது தன் நாட்டைத் தானே கேள்வி கேட்கிறது, அந்தக் கேள்வியை இசையின் ஒவ்வொரு அடுக்கிலும் வைத்திருக்கிறது. பின்னதில் இறுதியை நெருங்கும்போது ஓரிரு பாடல்களில் அந்த வேகம் தளர்வதாக என் செவிக்குப் படுகிறது. இதை மறுக்க விரும்புவோர், தளரவில்லை என்று காட்டும் பாடலைத் தேர்ந்தெடுத்து, அது தொடங்கும் நிமிடத்தையும் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.