கேபிள் கிளட்சை ஹைட்ராலிக்காக மாற்றுவது எப்படி: முதலில் அளவு, பிறகு ஸ்பேனர்

மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்த விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம், நெரிசலில் இடதுகை வலிக்கிறது என்பதுதான். அந்த வலியை ஹைட்ராலிக் குறைக்கும். ஆனால் பலரும் நினைக்கிற காரணத்தால் அல்ல. பிளேட்டுகளை அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளின் விசை மாற்றத்துக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. உறைக்குள் வளைந்து நெளிந்து செல்லும் கம்பியின் உராய்வு மட்டுமே நீங்குகிறது. அதற்கு மேலும் லீவர் இலகுவானால், எஞ்சின் பக்கத்தில் கேபிள் இழுக்கும் சிறு கையான கிளட்ச் ஆர்ம் நகரும் தூரத்தைக் கொடுத்துத்தான் அந்த இலகுவை வாங்கியிருக்கிறோம் என்று பொருள். எனவே கேபிள் பழையதாக இருந்தால், முதலில் சில நூறு ரூபாயில் புதியது ஒன்றைப் போட்டு, கூரான வளைவுகள் இல்லாமல் அதைச் செலுத்திப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் கை வலித்தால் மட்டும் மேலே படிப்பது நல்லது.

இங்கே விளக்கும் முறை, கேடிஎம் 390 டியூக்கைப் போல எஞ்சின் கவருக்கு வெளியே கிளட்ச் ஆர்ம் தெரிகிற வண்டிகளுக்குப் பொருந்தும். கேபிள் உறை முட்டி நிற்கும் இடத்தில் ஆர்மைத் தன் பக்கம் இழுக்கும் சிறிய ஸ்லேவ் சிலிண்டர் ஒன்றையும், லீவரைப் பிடிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை ஹேண்டில் பாரிலும், இரண்டுக்கும் நடுவே ஒரு ஹோஸையும் வைக்கிறோம். ஜெர்மனியின் மகுரா நிறுவனத்தின் ஹைமெக் இந்த வகையில் பெயர் பெற்ற கிட். கிட் வாங்கினாலும் தனித்தனியாகப் பாகம் சேர்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கேபிள் வண்டியில் இருக்கும்போதே ஆர்மின் நுனியில் வர்னியர் அளவுகோலை வைத்து, பிளே (வெறுமனே ஆடும் தளர்வு) தீர்ந்த புள்ளியிலிருந்து லீவரை முழுதாகப் பிடிக்கும் வரை ஆர்ம் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்துகொள்ள வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக்கு 8.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 12.7 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் பிஸ்டன் 12 மி.மீ. ஓடுகிறது என்றால், மாஸ்டரின் மேலுள்ள எண்ணெய்த் தொட்டியான ரிசர்வாயருக்குப் போகும் சிறு துளையை மூடுவதற்கே முதல் 1 மி.மீ. போய்விடுவதாகக் கொண்டு, மிச்சமுள்ள 11 மி.மீட்டரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மாஸ்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஸ்லேவ் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து இந்த 11 ஆல் பெருக்கினால் ஸ்லேவின் ஓட்டம் கிடைக்கும். ஸ்லேவ் 14 மி.மீ. என்றால் ஓட்டம் 9.05 மி.மீ.; கிளட்ச் முழுதாக விடும், கொஞ்சம் கையிருப்பும் உண்டு. 16 மி.மீ. என்றால் 6.9 தான்; லீவர் வெண்ணெய் போல இருக்கும், ஆனால் நின்ற இடத்தில் நியூட்ரல் விழாது, முதல் கியரில் வண்டி முன்னே இழுத்துக்கொண்டே இருக்கும். மறுபக்கம், 15.87 மி.மீ. மாஸ்டரை 14 மி.மீ. ஸ்லேவுடன் சேர்த்தால் ஓட்டம் 14 மி.மீட்டரைத் தாண்டும், லீவர் கல்லாகிவிடுவதோடு, ஆர்மும் ஸ்பிரிங்குகளும் தம் எல்லைக்கு அப்பால் தள்ளப்படும்.

இழுக்கும் வகை ஸ்லேவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல சிலிண்டர்களில் இழுகம்பி எண்ணெய் நிற்கும் பக்கத்தின் வழியாகவே வெளியே வருவதால், கம்பியின் பரப்பைப் பிஸ்டனின் பரப்பிலிருந்து கழிக்க வேண்டும். 16 மி.மீ. பிஸ்டனில் 6 மி.மீ. கம்பி இருந்தால் 256 இலிருந்து 36 போக 220 மீதி, ஓட்டம் 8.06 மி.மீ. ஆகிறது. நம் 8.5 க்கு இது அரை மில்லிமீட்டர் குறைவு, அந்த அரை மில்லிமீட்டரில்தான் கிளட்ச் இழுப்பதும் இழுக்காததும் இருக்கிறது.

அடுத்தது எண்ணெய். பிரேக் ஆயில் எனப்படும் டாட் 4 ஒரு குலம், மினரல் ஆயில் வேறொரு குலம். ஒன்றுக்கான ரப்பர் சீல் மற்றொன்றில் பிழைக்காது. மாஸ்டரும் ஸ்லேவும் ஒரே எண்ணெய்க்கு உரியவையா என்பதை மாஸ்டரின் மூடியில் பொறித்திருப்பதைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பழைய சாமான் கடையில் வாங்கிய பிரேக் மாஸ்டர் ஒன்றை மினரல் ஆயில் ஸ்லேவுடன் சேர்த்து, மூடியைப் பார்க்காமல் மினரல் ஆயிலை ஊற்றியவன் நான். சில நாட்களில் சீல் ஊதி, பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராமல், ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. ஹோஸைச் சிலிண்டருடன் இணைக்கும், நடுவே துளையுள்ள பாஞ்சோ போல்ட்டிலும் இதே கவனம் தேவை: ஜப்பானிய மாஸ்டர்களில் பொதுவாக 10 மி.மீ. போல்ட்டுக்கு 1.25 மி.மீ. பிட்ச் (மரைகளின் இடைவெளி), பிரெம்போ போன்ற ஐரோப்பியப் பாகங்களில் 1.0 பிட்ச். மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று இசைந்து கொடுத்துவிட்டு, பிறகு அலுமினியத்தின் மரையை அரைத்துவிடும்.

பொருத்தும் வேலையில் ஸ்லேவைத் தாங்கும் பிராக்கெட்டுக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஸ்லேவ் இழுக்கும் கோடும் கேபிள் இழுத்த கோடும் ஒன்றாக இருப்பதும், பாதி ஓட்டத்தில் ஆர்ம் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக நிற்பதும் முக்கியம். மெல்லிய தகட்டில் பிராக்கெட் செய்தால் லீவரைப் பிடிக்கும்போது தகடு வளைந்து, கணக்குப் போட்டுச் சேர்த்த ஓட்டத்தைத் தின்றுவிடும். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு லீவரைப் பிடித்துப் பார்த்தால் அசைவு தெரிந்துவிடும். ஹோஸ் சைலன்ஸரிலிருந்து விலகிச் செல்லட்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது அது இழுபடவோ, ரிசர்வாயர் போய்ப் பெட்ரோல் டேங்கில் இடிக்கவோ கூடாது. பழைய லீவர் பிடியில் இருந்த கிளட்ச் சுவிட்சைப் புதிய மாஸ்டருக்கு மாற்ற வேண்டும். அதன் இரண்டு ஒயரையும் முறுக்கி இணைத்துவிடுகிறவர்கள் உண்டு. கியரில் இருக்கும்போது கிளட்ச் பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகி வண்டி பாய்வதைத் தடுக்கும் ஏற்பாடு அத்துடன் போய்விடும் என்பதால் அதைச் செய்யாதிருப்பதே சரி.

ஏர் எடுப்பதை, அதாவது எண்ணெயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, மேலிருந்து லீவரை அடித்து அடித்துச் செய்வதைவிட, கீழிருந்து செய்வது எளிது, ஏனெனில் காற்று தானாகவே மேலே போக விரும்புகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சில் எண்ணெயை நிரப்பி, சிறு குழாயால் ஸ்லேவில் காற்றை வெளியேற்றுவதற்கென இருக்கும் நிப்பிளில் இணைத்து, அதைத் திறந்து, மெதுவாக மேல்நோக்கித் தள்ளினால், ரிசர்வாயரில் குமிழிகள் எழுந்து எழுந்து ஓயும். நிப்பிளை மூடியபின் லீவரைப் பிடித்த நிலையில் ஹேண்டிலோடு ரப்பர் பட்டையால் கட்டி, இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். காலையில் பட்டையை அவிழ்த்து, லீவர் கெட்டியாக இருக்கிறதா, காப்பர் வாஷர்களின் ஓரத்தில் ஈரம் கசிந்திருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் சூடாகும்போது விரிகிறது. லீவரை விட்ட நிலையில் மாஸ்டர் பிஸ்டன், ரிசர்வாயருக்குப் போகும் அந்தச் சிறு துளையை முழுதாகத் திறந்துவிட்டிருந்தால் விரிந்த எண்ணெய் ரிசர்வாயருக்குப் போய்விடும். திறக்காவிட்டால் அது ஸ்லேவைத் தள்ளி, கையே வைக்காத கிளட்சைப் பாதி பிடித்த நிலையில் வைத்திருக்கும். ஆகவே லீவரின் திருகைச் சரிசெய்து, பிஸ்டனுக்கு முன் கொஞ்சம் பிளே விட்டே ஆக வேண்டும். இருபது நிமிடம் ஓட்டிச் சூடானபின் ஆர்மை விரலால் அசைத்துப் பார்த்தால் சிறிது தளர்வு தெரிய வேண்டும். உயர்ந்த கியரில் திராட்டிலை முறுக்கும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால், குறை பெரும்பாலும் இங்கேதான். ரிசர்வாயரை விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. பிரேக் பேட் தேயத் தேய எண்ணெய் மட்டம் இறங்கும். கிளட்ச் பிளேட் தேயும்போதோ பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு மட்டம் ஏறும்.

எதிர்த்திசையில், ஹைட்ராலிக்கைக் கேபிளாக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊர் பேர் தெரியாத இடத்தில் சீல் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும், கேபிளென்றால் ஒன்றைக் கூடவே கட்டிக்கொண்டு போகலாம் என்ற அவர்களுடைய வாதம் நியாயமானது. ஆனால் கேபிள் இழுப்பதற்கான ஆர்மும் அதைத் தாங்கும் எஞ்சின் கவரும் வேண்டும் என்பதால், அதே எஞ்சின் குடும்பத்தில் கேபிள் மாடல் ஒன்று இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். 2015 இல் கேபிளுடன் வந்து 2019 மாடலில் ஹைட்ராலிக்குக்கு மாறிய டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர் 800 போன்ற வண்டிகளில் பழைய மாடலின் பாகப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, கவர், புஷ் ராட், ஆர்ம் என ஒவ்வொன்றின் பாக எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். கேபிளை ஹைட்ராலிக்காக மாற்றுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை: கழற்றிய கேபிளின் இரு நுனிகளையும் பிளாஸ்டிக்கால் மூடி, ஃபிரேமை ஒட்டியே கட்டி வைத்துவிட்டு, பழைய லீவர் பிடியைச் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டால், வழியில் ஹோஸ் கிழிந்தாலும் அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.