வெளிநாட்டில் பொறியியல் மேற்படிப்பு: பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பி.இ. முடிக்கப்போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் "அக்கா, எந்த யூனிவர்சிட்டி நல்லது?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: அங்கே போய் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய்? அதற்குப் பதில் இல்லாமல் தரவரிசைப் பட்டியலைத் திறந்தால் முதல் ஐம்பது பெயரும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பாம்பனில் வளர்ந்த எனக்குக் கேள்வி கரையிலேயே கிடந்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவைக் கட்டித்தரச் சொல்லி ஊர் ஊராக மனு கொடுக்கிறோம். கட்டினால் ஒரு பக்கம் மணல் ஒதுங்கும். ஆனால் அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணலும் அங்கேயே நின்றுவிடுவதால், அந்த ஊர்க் கரை அரிக்க ஆரம்பிக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடல் பக்கம் ஒரு கதை, வாடை (வடகிழக்குக் காற்று) வந்தால் வடகடல் பக்கம் வேறு கதை. கல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும்? சிவில் முடித்ததும் கடலோரப் பொறியியல் தேடியது இதற்காகத்தான். உங்களுக்குப் புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியோ, உப்புக் காற்றில் துருப்பிடிக்காத இரும்போ, கமுதி சூரிய மின்நிலையமோ கேள்வியாக இருக்கலாம். ஒரு வரியில் எழுத முடிந்தால் போதும்.

அப்புறம் அந்தக் கேள்விக்கான கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுங்கள். ஜெர்மனியின் ஹானோவரில் 300 மீட்டருக்கு மேல் நீளம், 5 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம் கொண்ட அலைக் கால்வாய், அதாவது செயற்கையாக அலை எழுப்பிச் சோதிக்கும் தொட்டி, இருக்கிறது. இவ்வளவு பெரிது எதற்கு? சின்னத் தொட்டியில் அலையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம். மணலையும் அதேபோலக் குறைத்தால் அது மணலாக இருக்காது, ஒட்டிக்கொள்ளும் சேறாகிவிடும். ஆகவே மணல் நகர்வதை ஒழுங்காகப் பார்க்க நிஜ அளவை நெருங்கும் அலை வேண்டும். ஹானோவரை நான் எடுத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கால்வாய்தான். ஊரில் கடலே கிடையாது என்பது வேறு விஷயம். கடலைப் படிக்கக் கடலில்லாத ஊருக்கு ஏன் போனாள் என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

ஆய்வகம் பிடித்துவிட்டதா? அந்தப் படிப்பின் மாட்யூல் கையேட்டையும் (பாடங்களின் விவரத் தொகுப்பு) நுழைவு விதிகளையும் தரவிறக்கி, உங்கள் மதிப்பெண் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாய்ம இயக்கவியல், மண் இயக்கவியல் என்று எதில் எத்தனை கிரெடிட் முன்பே முடித்திருக்க வேண்டும் என்று அந்த விதிகளில் இருக்கும். நல்ல மதிப்பெண் வாங்கிய மெக்கானிக்கல் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கழிகிறார்கள்.

மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாற்ற ஒரு கணக்கு உண்டு. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்களுடையதைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். பத்துக்கு 7.5, தேர்ச்சி 5 என்றால் 2.5 வரும். அங்கே எண் குறையக் குறைய நல்லது. பல இடங்களில் 2.5-தான் எல்லைக்கோடு.

இனி பணம். "ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது" என்பது முழு உண்மை இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் என் துறையில் பெரிய பெயர்தான், ஆனால் வருடத்துக்கு 20,000 யூரோவுக்கு மேல் கேட்டதும் பக்கத்தை மூடிவிட்டேன். நார்வேயும் 2023-இலிருந்து கட்டணம் வாங்குகிறது.

கட்டணம் இல்லாத இடத்திலும், விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்றால் ஏறக்குறைய 12 லட்சம். உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனாலும் முதலில் புரட்ட வேண்டுமே! கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். எங்கள் வீட்டு மனைக்குப் பட்டா இல்லை. அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அவருக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? கடைசியில் உச்சிப்புளியில் மாமாவின் நிலப் பத்திரமும் அவருடைய அரசு வேலையும்தான் கைகொடுத்தன. கடலை நம்பியிருக்கும் வீடுகள் இந்த வேலையை ஏப்ரல் 15-க்கு முன்பே தொடங்குவது நல்லது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் கையில் காசும் இருக்காது, வங்கிக் கணக்கும் காலியாகத்தான் தெரியும்.

ஏஜெண்ட் விஷயம் சுருக்கமாக. மதுரையில் ஒருவர் எனக்குக் காட்டிய பட்டியலில் இருந்ததெல்லாம் தனியார் கல்லூரிகள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை, அதனால் அவை அந்தப் பட்டியலில் ஏறவும் இல்லை. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30.

ஆங்கிலத்தில் பாடம் இருந்தாலும் ஜெர்மன் படியுங்கள். படிக்கும்போது வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் தருவார்கள். ஆனால் கரைப் பாதுகாப்பு அலுவலகங்களில் பேச்சு ஜெர்மனில்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கேட் (GATE) தேர்வு எழுதி ஐஐடி மெட்ராஸில் கடல்சார் பொறியியல் கிடைத்தால் அங்கேயே சேருங்கள். மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, கடனும் இல்லை. எனக்குக் கேட் மதிப்பெண் எட்டவில்லை, அவ்வளவுதான்.

வெளிநாடுதான் என்று முடிவாகிவிட்டால், மதிப்பெண் பட்டியல்கள் கைக்கு வந்ததும் ஏபிஎஸ் (APS) சான்றிதழுக்கு, அதாவது உங்கள் கல்வி ஆவணங்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்றுக்கு, விண்ணப்பித்துவிடுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் ஜெர்மன் விசா கிடையாது, கட்டணம் 18,000 ரூபாய். குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 கடைசி நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குச் சில துறைகள் மாதக்கணக்கில் முன்பே மூடிவிடும், அதனால் தேதியைத் துறையின் பக்கத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.