இரட்டைக் கருந்துளை வேட்டையில் ஒளி ஏமாற்றும் இடங்கள்

இரண்டு விண்மீன் திரள்கள் மோதி ஒன்றானால், அவற்றின் மையத்தில் இருந்த பெருநிறைக் கருந்துளைகளும் காலப்போக்கில் ஒன்றையொன்று சுற்றிவரத் தொடங்க வேண்டும். ஓர் ஒளியாண்டுக்கும் குறைவான தூரத்துக்கு அவை நெருங்கிவிட்டால், ஒளித் தொலைநோக்கி எதற்கும் ஒரே புள்ளிதான். ஆகவே, அந்தப் புள்ளி தாளம் தவறாமல் கூடிக் குறைகிறதா என்று பார்ப்பதே மிச்சமிருக்கும் சுலபமான வழி. கருந்துளையில் விழும் வாயுவால் பிரகாசிக்கும் விண்மீன் திரள் மையங்களான குவாசர்களின் ஒளி அளவீடுகள் இணையத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. தாளம் தேடித்தரும் நிரல்களும் இலவசம். ஒரே மாலையில் ஒரு ‘ஜோடி’யைக் கண்டுபிடித்துவிடலாம். சிக்கலே அந்தச் சுலபத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, மற்றவற்றுக்கெல்லாம் தாய்: இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் கண்டதுமே தாளம் என்று முடிவுகட்டுவது. ஒற்றைக் கருந்துளை உள்ள குவாசரும் சும்மா இருப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள வாயுத்தட்டு தன்பாட்டுக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும். அந்த மினுக்கத்தில் குறுகிய கால அசைவுகள் சிறியவை, நீண்ட கால அசைவுகள் பெரியவை. இதைத்தான் சிவப்பு இரைச்சல் என்கிறார்கள். இத்தகைய இரைச்சலைக் கணினியில் உருவாக்கி வெறும் பத்து வருட நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள். அழகான சைன் அலை போன்ற துண்டுகள் தாராளமாக அகப்படும். எந்த இயற்பியலும் இல்லாமலேயே!

பி.ஜி. 1302-102 என்ற குவாசரின் கதை இதற்கு நல்ல பாடம். வானத்தைத் திரும்பத் திரும்பப் படம்பிடித்த காட்டலினா வானளவைத் தரவிலிருந்து, சுமார் 1,884 நாள் தாளம் இருப்பதாக 2015-இல் அறிவித்தார்கள். அந்த அளவை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் நடந்தது. அதாவது இரண்டு சுற்றுகூட முழுதாக இல்லை. பழைய அளவீடுகளைச் சேர்த்து நீட்டிப் பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் சிவப்பு இரைச்சலே இப்படி ஒரு வரைபடத்தைத் தந்துவிடும் என்று 2016-இலேயே எச்சரிக்கை வந்தது. 2018-இல் வேறொரு அளவையின் புதிய புள்ளிகளைச் சேர்த்தபோது தாளத்துக்கான சான்று வலுக்கவில்லை, தளர்ந்தது. தாளம் மெய்யானால் நாளாக ஆக அது உறுதிப்பட வேண்டும். பான்-ஸ்டார்ஸ் என்ற வானளவையின் தரவில் 542 நாள் தாளத்தோடு தெரிந்த இன்னொரு குவாசரும் நீண்ட கண்காணிப்பில் தாக்குப்பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், ஐந்து சுற்றுக்குக் குறைந்த எதையும் ‘சந்தேகத்துக்குரியது’ என்ற பட்டியலிலேயே வைத்துவிடுவேன்.

இதோடு ஒட்டியது நிகழ்தகவுக் கணக்கு. தாளம் தேடப் பரவலாகப் பயன்படும் லோம்ப்-ஸ்கார்கிள் முறை ஒரு தாளத்தைக் கண்டதும், அது தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண்ணையும் தருகிறது. வழக்கமான அந்த எண் வெள்ளை இரைச்சலை, அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் தொடர்பே இல்லாத இரைச்சலை, அடிப்படையாகக் கொண்டது. குவாசருக்கு அது பொருந்தாது. சரியான இரைச்சலை வைத்துக் கணக்கிட்டாலும், எத்தனை குவாசர்களைச் சலித்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். காட்டலினா தேடலில் 2,43,500 குவாசர்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்பே போதும், 240-க்கு மேல் போலிகள் வந்து நிற்கும். அந்தத் தேடலில் தேறியவை 111. அவற்றில் எத்தனை போலி என்று ஒளியை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

வேறொரு பக்கத்திலிருந்து சோதிக்கலாம். அந்த 111-ம் உண்மையான ஜோடிகள் என்றால், அவை எல்லாம் சேர்ந்து எழுப்பும் ஈர்ப்பலைகளின் (வெளியையே அதிரவைக்கும் அலைகளின்) மொத்த இரைச்சல், பல்சார் கடிகாரங்கள் (சீராகத் துடிக்கும் விண்மீன் எச்சங்கள்) அப்போது வகுத்திருந்த வரம்பைத் தாண்டிவிடும் என்று 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, பட்டியலில் கணிசமான பகுதி போலியாகத்தான் இருக்க வேண்டும். பட்டியலில் நீண்ட தாளங்களே குவிந்திருப்பதைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள். விலகிச் சுற்றும் ஜோடிகள் மெதுவாக நெருங்குவதால் நீண்ட தாளங்கள் அதிகம் தென்படுவது இயல்புதான். ஆனால் சிவப்பு இரைச்சலும் அதே பக்கம்தான் போலிகளைக் குவிக்கும்.

ஒளி வரைபடத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். சில மாதங்கள் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், பிறகு வெற்றிடம், மறுபடி புள்ளிகள். குவாசர் சூரியனுக்குப் பின்னால் ஒதுங்கும் மாதங்கள் அவை. நிரல் வரைந்த அலையின் உச்சிகள் வருடாவருடம் அந்த வெற்றிடத்தில் போய் விழுந்தால் நம்பாதீர்கள். ஒரு வருடத்தை ஒட்டிய தாளமும், நிலவின் 29.5 நாளை ஒட்டிய தாளமும் எடுத்த எடுப்பிலேயே சந்தேகத்துக்குரியவை. வெவ்வேறு தொலைநோக்கிகளின், வெவ்வேறு வடிகட்டிகளின் அளவீடுகளை அப்படியே ஒட்டுவதும் ஆபத்து; ஒட்டிய இடத்தில் விழும் சிறு படிக்கட்டு ஓர் ஏற்றமாக வேடம் போடும். செம்பெயர்ச்சியை, அதாவது பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவை, கணக்கில் எடுக்க மறப்பது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடக்கிறது: நாம் அளக்கும் தாளத்தை, செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால்தான் அங்கே நடக்கும் காலம் கிடைக்கும்.

நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதிலும் நிதானம் தேவை. ஜோடியில் சிறியது வேகமாகச் சுற்றும்போது, நம்மை நோக்கி வருகையில் டாப்ளர் விளைவால் ஒளி கூடும், விலகுகையில் குறையும். பி.ஜி. 1302-இல் புற ஊதாவின் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட இரண்டரை மடங்கு அளவுக்கு இருக்க வேண்டும் என்று இந்த விளக்கம் கணித்தது, அளவீடும் ஒத்துப்போனது. வலுவான வாதம்தான். ஆனால் தனித்த குவாசர்களும் நீலப் பக்கத்தில்தான் அதிகம் மினுங்குகின்றன. ஆகவே, தாளமே இல்லாத குவாசர்களை ஒப்பீட்டுக்கு எடுத்து இதே சோதனையை அவற்றின் மீதும் ஓட்டிப் பார்க்காமல் ‘டாப்ளர் பொருந்துகிறது’ என்று எழுதக் கூடாது.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. சைன் அலையை மட்டும் தேடினால், நீள்வட்டப் பாதையில் சுற்றும் ஜோடிகள் நழுவிவிடும். அவற்றின் ஒளி கூர்மையாக வெடித்து நெடுநேரம் அடங்கியிருக்கலாம். ஜோடியைச் சூழ்ந்த தட்டில் உருவாகும் வாயுக்கட்டி சில சுற்றுகளுக்கு ஒருமுறைதான் ஒளியைக் கூட்டும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. அப்போது ஒளியின் தாளமும் சுற்றுக்காலமும் ஒன்றாக இருக்காது. அதை வைத்துக் கணக்கிட்ட, இரு கருந்துளைகளுக்கு இடையிலான தூரமும் தப்பாகும். தாளம் இடையில் மறைந்ததாலேயே ஒன்றைத் தள்ளிவிடவும் முடியாது. பி.கே.எஸ். 2131-021 என்ற பிளேசாரின் (பொருள்தாரையை நம் பக்கம் நீட்டிய குவாசர் வகை) ரேடியோ ஒளியில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுத் தாளம் தெரிந்தது, சுமார் இருபது ஆண்டுகள் காணாமல் போனது, பிறகு ஏறக்குறைய அதே காலத்தோடு திரும்பிவந்தது. 45 ஆண்டு அளவீடுகள் கையில் இருந்ததால்தான் 2022-இல் அதைச் சொல்ல முடிந்தது.