கிரேக்க விடுமுறைகளை அறிய ஒரே தேதி போதும்

கிரீஸ் பயணத்துக்கு முன்பதிவு செய்யுமுன் அவ்வாண்டின் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு 48 நாள் முன்பு தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் தூய திங்கள், 2 நாள் முன்பு புனித வெள்ளி, மறுநாள் ஈஸ்டர் திங்கள், 50 நாள் கழித்துத் தூய ஆவித் திங்கள் என, இடம்மாறும் விடுமுறைகள் அனைத்தும் அந்த ஒரு தேதியிலிருந்தே கிடைத்துவிடும். அவை யாவும் ஈஸ்டரைச் சார்ந்தே கணிக்கப்படுகின்றன. நம் வீட்டு நாள்காட்டியிலுள்ள ஈஸ்டர் பெரும்பாலும் இதற்கு உதவாது. கிரேக்கத் திருச்சபை ஜூலியன் என்ற பழைய நாள்காட்டி முறையில் கணிப்பதால், 2026இல் மேற்கு நாடுகளுக்கு ஏப்ரல் 5, கிரீஸுக்கு ஏப்ரல் 12.

சுதந்திர நாளான மார்ச் 25, அன்னை மரியாவின் விழாவான ஆகஸ்ட் 15, மற்றொரு தேசிய நாளான அக்டோபர் 28 ஆகியவை தேதி மாறாதவை. இக்கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. மே தினத்தில் மட்டும் கவனம் தேவை: 2024இல் அது புனித வாரத்தில் விழுந்ததால், விடுமுறையை மே 7க்கு மாற்றினார்கள்.