கீரைச் சுண்டலும் கண்ணும்

வயது போகப்போக விழித்திரையின் நடுப்பகுதி பழுதாவதுண்டு. எதிரே நிற்பவரின் முகமே மங்கலாகிவிடும். அந்த இடத்தைக் காக்கும் மஞ்சள் நிறமிகளில் ஒன்று லூட்டீன். உடம்பு அதை உண்டாக்காது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பொன்னாங்காணி, முருங்கையிலை இரண்டிலும் அது உண்டு.

லூட்டீன் கொழுப்பில்தான் கரையும். ஆகவே வெறுமனே அவிக்காமல், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுங்கள். பச்சை மங்குமுன் இறக்கிவிடுங்கள். (அம்மம்மாமாருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை!)

நாளுக்கு 10 மில்லிகிராம் லூட்டீன் சேர்ந்த குளிசைகளைக் கண் வைத்தியர்கள் கொடுப்பது, நோய் ஏற்கெனவே நடுக்கட்டத்துக்கு வந்தவர்களுக்கு. வருமுன் தடுக்க அல்ல. கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மருந்து குடிப்பவர்கள் கீரையைத் திடீரெனக் கூட்டவேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.